கூரையைத் தாங்குவதா, பிடித்துவைப்பதா?

“மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு என்ன யோசனை?” என்று வீட்டில் யாராவது ஒரு முறையாவது உங்களைக் கேட்டிருப்பார்கள். அடுக்குமாடி வீட்டில் மல்லாந்து படுத்தால் கண்ணில் படுவது சிமெண்ட் தளமும் மின்விசிறியும்தான். வளையும் இல்லை, முகடும் இல்லை. ஆனாலும் சொல் நம்மோடு கப்பலேறி வந்துவிட்டது. முகட்டு வளை என்பதுதான் பேச்சில் மோட்டுவளை ஆயிற்று. ஓட்டு வீட்டின் உச்சியில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குக் கிடையாக ஓடும் மரம் அது. அதற்கு இணையாகக் கூரைச் சரிவில் கீழே கிடக்கும் மரங்களும் வளைகளே. இந்த வளையின் எஃகு வாரிசைத்தான் இன்று பட்டறைகளில் ‘பர்லின்’ என்கிறார்கள். தொழிற்சாலை, கிடங்கு, விளையாட்டரங்கம், பள்ளித் திடல் என எங்கெல்லாம் தகரக் கூரை இருக்கிறதோ அங்கெல்லாம் தகரத்துக்கு அடியில் பர்லின் இருக்கும். சுவருக்குத் தகரம் அடித்தால் அதன் பின்னாலும் இதே உறுப்பு படுக்கைவசத்தில் நிற்கும். கடைக்குள் பொருள் வைக்கப் போடும் பரண் தளத்துக்கு அடியிலும் இதையே பார்க்கலாம்.

அடுத்த முறை ஜாலான் புசாரில் நடக்கும்போது கழுத்தைச் சற்று நிமிர்த்திப் பாருங்கள். மலாயில் ‘பெரிய சாலை’ என்று பொருள்படும் இந்தச் சாலையில் இரும்புச் சாமான், குழாய், விளக்கு விற்கும் கடைகள் நிறைய உண்டு. அவற்றில் பல பழைய கடைவீடுகளில் இயங்குகின்றன. கீழே வியாபாரம், மேலே குடியிருப்பு, முன்னால் ஐந்தடிப் பாதை. பக்கத்துக் கடைவீட்டுக்கும் இதற்கும் நடுவில் இருப்பது ஒரே பொதுச்சுவர். ஒரு கடைவீட்டின் அகலம் பெரும்பாலும் 5 அல்லது 6 மீட்டர். இந்த அளவுக்குக் கூரை போட முக்கோணச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பொதுச்சுவரிலிருந்து அடுத்த பொதுச்சுவருக்கு நேராக மர வளைகளை வைத்தார்கள். அவற்றின் மேல் சட்டங்களை அடித்து ஓடு பரப்பினார்கள். மாடித் தளத்தின் பலகைகளும் இதே முறையில் சுவருக்குச் சுவர் போன மரங்களின் மேல் கிடக்கின்றன. லிட்டில் இந்தியா 1989-ல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய வட்டாரங்களில் கடைவீட்டைப் புதுப்பிப்பவர்கள் முகப்பை மட்டும் காப்பாற்றினால் போதாது. பொதுச்சுவரும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் மரங்களும்கூடப் பாதுகாக்க வேண்டியவற்றில் சேர்த்தி.

அதே கடைவீட்டின் பின்சந்துக்குப் போனால் காட்சி மாறிவிடும். பிற்காலத்தில் கட்டிய சமையலறை, சாமான் அறை, மோட்டார் பட்டறை ஆகியவற்றின் மேல் தகரம். இங்கே அதை ‘ஜிங்க்’ என்பார்கள். தகடு இரும்புதான். அதன் மேல் பூசிய துத்தநாகத்தின் பெயர் தகட்டுக்கே பெயராகிவிட்டது. நெளி இரும்புத் தகட்டுக்கு 1829-ல் காப்புரிமை பெற்றவர் ஹென்றி ராபின்சன் பாமர் என்ற ஆங்கிலப் பொறியாளர், லண்டன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். துத்தநாகப் பூச்சுக்குப் பிரான்சில் ஸ்தனிஸ்லாஸ் சொரேல் காப்புரிமை பெற்றது 1837-ல். இந்த இரண்டும் சேர்ந்த பிறகு தகரக் கூரை கப்பலில் ஏறி உலகமெல்லாம் போய்விட்டது.

தாளில் ஒரு சோதனை

பர்லினைப் புரிந்துகொள்ள ஒரு ஏ4 தாளும் சில நாணயங்களும் போதும். இரண்டு புத்தகங்களை 20 செ.மீ. தள்ளி வைத்து, அவற்றின் மேல் தாளைப் பாலம்போல் போடுங்கள். நடுவில் ஒரு நாணயம் வைத்தாலே தாள் தொங்கிவிடும். இப்போது அதே தாளை விசிறி மடிப்பதுபோல் ஒரு செ.மீ. அளவில் மாறி மாறி மடித்து, மடிப்புகள் புத்தகத்துக்குப் புத்தகம் போகும்படி வையுங்கள். பத்து நாணயம் வைத்தாலும் அசையாது. நீங்கள் தாளைக் கூட்டவில்லை. இருந்த தாளை உயரமாக்கினீர்கள், அவ்வளவே.

ஒரு பொருள் வளையும்போது அதன் மேல்பக்கம் அமுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. ஆகவே பொருளை நடுவில் குவிப்பது வீண். மேலும் கீழும் தள்ளி வைப்பதுதான் லாபம். செவ்வகச் சட்டம் ஒன்றின் உயரத்தை இரு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. எஃகில் இதன் விளைவு எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 மி.மீ. தடிமனும் 390 மி.மீ. அகலமும் உள்ள தட்டையான எஃகுப் பட்டை ஒரு மீட்டருக்கு 6 கிலோ சொச்சம் எடையிருக்கும். அதை 6 மீட்டர் நீளத்துக்குப் படுக்கவைத்தால் தன் எடையைத் தாங்காமலே தொங்கும். அதே பட்டையை 200 மி.மீ. உயரமான நடுத்தகடு, மேலும் கீழும் 75 மி.மீ. பட்டை, ஓரத்தில் 20 மி.மீ. உதடு என்று மடித்துவிடுங்கள். விறைப்பு ஏறத்தாழ 18,000 மடங்கு கூடிவிடுகிறது. எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை.

மடிப்பது உலையில் இல்லை. துத்தநாகம் பூசிய எஃகுச் சுருளை வரிசையாக நிற்கும் உருளை ஜோடிகளுக்கு இடையில் செலுத்துவார்கள். ஒவ்வொரு ஜோடியும் கொஞ்சம் கொஞ்சமாக மடிக்க, மறுமுனையில் முழு பர்லின் ஓடிவரும். துளைகளும் வரைபடத்தில் உள்ள இடத்தில் அங்கேயே குத்தப்பட்டுவிடும். சாதாரணக் கட்டுமான எஃகு ஒரு சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன் அளவில் நிரந்தரமாக நெளியத் தொடங்கும். பர்லினுக்குப் பயன்படும் உயர்வலுத் தகடுகளில் அந்த எல்லை 450 வரை போகிறது. 2 மி.மீ. தகட்டை நம்பி ஒரு கூரையை ஒப்படைக்க முடிவதற்கு இந்த வலு ஒரு காரணம்.

மெலிவுக்கு ஒரு விலையும் உண்டு. தடித்த இரும்பு வளையும். மெல்லிய தகடு வளைவதற்கு முன்பே கசங்கும். காலியான பான டின்னை நிமிர்த்தி வைத்து மெல்ல ஏறி நின்றால் சில சமயம் தாங்கும். பக்கத்தில் ஒரு விரல் பட்டால் அந்தக் கணமே நொறுங்கும். பர்லினின் ஓரத்தில் 20 மி.மீ. உதடு மடித்துவிடுவது இந்தக் கசங்கலைத் தடுக்கத்தான். வீட்டில் எவர்சில்வர் தட்டின் விளிம்பைச் சுருட்டியிருக்கிறார்களே, அதே உத்தி. வெட்டிய ஓரம் கையைக் கிழிக்காமல் இருக்க மட்டும் அந்தச் சுருட்டல் வரவில்லை. அது இல்லாவிட்டால் சோறு போட்டதும் தட்டு நெளியும்.

சியா, இசட்டா?

கடையில் கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள்: சி பர்லின், இசட் பர்லின். எழுத்தின் வடிவமே பர்லினின் வெட்டுமுகம். சி வடிவத்தில் மேல்பட்டையும் கீழ்பட்டையும் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. எந்தப் புள்ளியின் வழியாகச் சுமை இறங்கினால் அது முறுக்கிக்கொள்ளாதோ, அந்தப் புள்ளி தகட்டின் மேலேயே இல்லை. நடுத்தகட்டுக்குப் பின்னால் வெறும் காற்றில் இருக்கிறது. அங்கே சுமையை வைக்க முடியாது. எனவே சி பர்லின் பாரம் ஏறினால் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளவே பார்க்கும்.

இசட்டில் மேல்பட்டை ஒரு பக்கமும் கீழ்பட்டை எதிர்ப்பக்கமும் நீளும். அதன் பெரிய வசதி, ஒன்றன் மேல் ஒன்று பொருந்துவது. ஒரு பட்டை மற்றதைவிடச் சற்று அகலமாக இருப்பதால், ஒரு பர்லினைத் தலைகீழாகத் திருப்பி அடுத்ததன் மேல் வைத்தால் கச்சிதமாக உட்காரும். பல சட்டகங்களைத் தாண்டித் தொடர்ந்து ஓடும் வளையில் அதிகமான வளைவிசை எங்கே வருகிறது தெரியுமா? இடைவெளியின் நடுவில் இல்லை, தாங்கும் சட்டகத்தின் மேல். சரியாக அந்த இடத்தில்தான் இரண்டு இசட்டுகளின் முனைகள் ஒன்றையொன்று கவ்வுகின்றன. 6 மீட்டர் இடைவெளி என்றால் ஏறத்தாழ 90 செ.மீ. நீளத்துக்குக் கவ்வல். தகடு எங்கே இரண்டு மடங்கு வேண்டுமோ அங்கே மட்டும் இரண்டு மடங்கு. ஒரே அளவுள்ள இரண்டு சி-க்களை இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகச் செருக முடியாது.

இசட் பர்லினை வாங்குவோர் கவனிக்கவேண்டிய ஒன்று: சரிவான கூரையில் அதன் மேல்பட்டை முகட்டைப் பார்த்து, அதாவது மேட்டுப் பக்கமாக நீள வேண்டும். திருப்பிப் போட்டாலும் திருகாணி ஏறும். பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் சுமை இறங்கும் கோடும் பர்லினின் வலுவான அச்சும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போய், பர்லின் சரிவின் கீழ்ப்பக்கமாகச் சாயத் தொடங்கும்.

மேலே இழுக்கும் காற்று

இதுவரை சொன்னதெல்லாம் கூரை கீழே விழாமல் இருக்க. நம்மில் பெரும்பாலோர் கூரையைப் பற்றி நினைப்பதும் அத்தோடு முடிகிறது. தகரக் கூரையின் உண்மையான ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது.

ஓட்டுக் கூரை ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அரை மி.மீ. தகரமோ 5 கிலோ. காற்று வீசும்போது கூரையின் விளிம்பில் மோதி, மேற்பரப்பைவிட்டுப் பிரிந்து, சுழித்துக்கொண்டு மேலே தாவுகிறது. அந்த இடத்தில் அழுத்தம் குறைந்து கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. பக்கம் திறந்த கொட்டகையாக இருந்தால் அடியிலிருந்தும் காற்று புகுந்து தள்ளும். ஜாலான் புசார் விளையாட்டரங்கம் போன்ற இடங்களில் பார்வையாளர் தலைக்கு மேல் நீளும் கூரைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து இழுப்பு, கீழிருந்து தள்ளல், இரண்டும் ஒரே திசையில்.

சிங்கப்பூரில் புயலே கிடையாதே என்பீர்கள். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வெப்பமண்டலப் புயல் உருவாவது மிக மிக அரிது என்பது சரி. ஆனால் விடியற்காலையில் மேற்கிலிருந்து இடியோடு உருண்டுவரும் சுமத்ரா சூறைக்காற்று நம் ஊர்க்காரர்தான். 2024 செப்டம்பர் 17 மாலை அப்படி ஒன்று அடித்து நாடெங்கும் மரங்களைச் சாய்த்தது. அன்று பதிவான உச்ச வீச்சு மணிக்கு 83.2 கி.மீ. இங்கே இதுவரை பதிவானதில் மிக அதிகம் 1984 ஏப்ரல் 25-ல் வந்த 144.4 கி.மீ.

இந்த வேகங்களை எடையாக மாற்றிப் பார்த்தால்தான் விஷயம் புலப்படும். காற்றின் வேகத்தை விநாடிக்கு மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6-ஆல் மறுபடி பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் அது காட்டும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். 83.2 கி.மீ. என்பது விநாடிக்கு 23.1 மீட்டர். அழுத்தம் 320 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 33 கிலோ. 144.4 கி.மீ.க்கு அது 98 கிலோ. வேகம் இரு மடங்குகூட ஆகவில்லை. விசை மூன்று மடங்காகிவிட்டது. இப்போது 6 மீட்டர் நீளமும் பக்கத்து வரிசையிலிருந்து ஒன்றரை மீட்டர் இடைவெளியும் கொண்ட ஒரு பர்லினை எடுத்துக்கொள்வோம். அதன் பங்குக்கு வரும் கூரை 9 சதுர மீட்டர். தகரம் 45 கிலோ, பர்லின் 36 கிலோ, ஆக 81 கிலோ கீழ்நோக்கி இருக்கிறது. 2024-ன் காற்று முழு அழுத்தத்தோடு மேல்நோக்கி உறிஞ்சினால் 300 கிலோ. 1984-ன் காற்று என்றால் 880 கிலோ, ஒரு சிறிய காரின் எடை. கூரையின் மூலைகளிலும் விளிம்புகளிலும் உறிஞ்சல் இதைவிடவும் கூடும். அதனால்தான் அங்கே பர்லின்களை நெருக்கியும் திருகாணிகளைக் கூட்டியும் போடச் சொல்கிறார்கள்.

ஆக, காற்றடிக்கும் நேரத்தில் பர்லினின் வேலை கூரையைத் தாங்குவது இல்லை, பறக்காமல் பிடித்துவைப்பது.

இங்கேதான் நுட்பமான சிக்கல் வருகிறது. சாதாரண நேரத்தில் பாரம் கீழ்நோக்கி இருப்பதால் இடைவெளியின் நடுப்பகுதியில் பர்லினின் மேல்பட்டை அமுங்குகிறது. அமுங்கும் மெல்லிய பட்டை பக்கவாட்டில் நழுவத்தான் பார்க்கும். ஆனால் மேல்பட்டையைத் தகரம் வரிசையாகத் திருகாணி போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது நகர முடியாது. காற்று மேலே இழுக்கும்போது எல்லாம் தலைகீழாகிறது. இப்போது அமுங்குவது கீழ்பட்டை. அதைப் பிடிக்க அடியில் தகரம் இல்லை, எதுவுமே இல்லை. பட்டை பக்கவாட்டில் நெளிய, பர்லின் முழுவதுமாக உருண்டு படுத்துவிடும். தாங்கும்போது நல்ல பிள்ளையாக இருந்த அதே பர்லின், அதைவிடக் குறைந்த விசைக்கு எதிர்த்திசையில் தோற்றுப்போகலாம். இதைத் தடுக்க ஒரு பர்லினுக்கும் அடுத்ததற்கும் நடுவே குறுக்குப் பிணைப்புகள் போடுவார்கள். ஆறு மீட்டருக்கு ஒன்றோ இரண்டோ. கீழேயிருந்து பார்த்தால் தேவையில்லாத துண்டுக் கம்பிபோலத்தான் தெரியும். செலவைக் குறைக்க நினைப்பவரின் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். கொட்டகை போடுவோர் விலைப்புள்ளி கொடுத்தால், பர்லினின் தடிமனைக் கேட்பதோடு நிற்காமல் இந்தப் பிணைப்பு எத்தனை வரிசை என்றும் கேளுங்கள்.

தமிழ்நாட்டுக் கரையில் இருப்பவர்களுக்கு இது ஏட்டுக் கணக்கு இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டா மாவட்டங்களில் தென்னையோடு சேர்ந்து கூரைகளும் போயின. தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் தொழிலாளர் பலரின் சொந்த ஊர்கள் அவை. இந்தியத் தர விதிகளில் சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். சிங்கப்பூர் இன்று பின்பற்றும் ஐரோப்பிய விதிமுறையில் இந்நாட்டுக்கு 20 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து நேராக ஒப்பிடக் கூடாது. இந்தியா எடுப்பது மூன்று விநாடி வீச்சு; இங்கே எடுப்பது பத்து நிமிடச் சராசரி, வீச்சுக்கான கூடுதலைப் பிறகு தனியாகச் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்த்த பிறகும் சென்னையின் கணக்குத்தான் பெரியது. அதனால் இங்கே போட்ட கொட்டகையின் வரைபடத்தை ஊருக்கு எடுத்துப்போய் அப்படியே கட்டுவது விபரீதம்.

பர்லின் தாக்குப்பிடித்தும் தகரம் போய்விடுவது உண்டு. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை 1974 கிறிஸ்துமஸ் விடியலில் டிரேசி புயல் தாக்கியது. வீடுகளில் 70 சதவீதத்துக்கும் மேல் பாழாயின. பின்னர் ஆராய்ந்தபோது, பல தகடுகள் ஒரே இழுப்பில் பிய்ந்தவை இல்லை என்று தெரிந்தது. காற்று ஏறி இறங்கும்போதெல்லாம் தகடு மேலும் கீழும் அடித்துக்கொள்ள, திருகாணித் தலையைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் உருவாகி வளர்ந்தன. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதேதான். கடைசியில் தலையோடு திருகாணி பர்லினிலேயே நிற்க, தகடு ஓட்டையோடு பறந்தது. அன்றுமுதல் கூரைத் தகடுகளை ஆயிரக்கணக்கான முறை இழுத்துவிட்டுச் சோதிக்கும் வழக்கம் அங்கே வந்தது.

கணக்கில் விடுபட்ட எடை

ஜாலான் புசாருக்குப் பக்கத்திலேயே, சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கும் முனையில் 1986 மார்ச் 15 காலை ஒரு கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. ஹோட்டல் நியூ வோர்ல்டு என்று இன்றும் பேசப்படும் ஆறு மாடிக் கட்டடம். 33 பேர் இறந்தார்கள். இடிபாடுகளுக்கு அடியிலிருந்து 17 பேர் மீட்கப்பட்டார்கள். அப்போது எம்ஆர்டி சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தவர்களும் வந்து துளையிட்டு ஆட்களை வெளியே எடுத்தார்கள். விசாரணையில் வெளிப்பட்ட காரணம் நம்பவே முடியாத அளவுக்கு எளிமையானது. உள்ளே வந்துபோகும் மனிதர், சாமான் ஆகியவற்றின் சுமை கணக்கில் இருந்தது. கட்டடத்தின் சொந்த எடை விடுபட்டிருந்தது. காங்கிரீட் கட்டடத்தில் பெரும்பகுதிச் சுமையே அதுதான். 1971-ல் கட்டி முடித்த நாளிலிருந்து தூண்கள் தம் எல்லையில் நின்றுகொண்டிருந்தன. பிறகு கூரைமேல் சேர்ந்த பாரங்களையும் அவை சுமந்தன. 1989-ல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு பொறியாளர் போட்ட கணக்கை இன்னொருவர் சுயேச்சையாகச் சரிபார்க்க வேண்டும் என்றது. வீடுகளைப் பத்தாண்டுக்கு ஒரு முறையும் மற்றக் கட்டடங்களை ஐந்தாண்டுக்கு ஒரு முறையும் சோதிக்கும் ஏற்பாடும் வந்தது.

அது காங்கிரீட், இது தகரம் என்று தள்ளிவிட வேண்டாம். தகரக் கூரைக்கும் கணக்கில் இல்லாத எடை பின்னாளில் வந்து சேர்கிறது. சூரிய மின்தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தாங்கிகளோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு 12 முதல் 15 கிலோ. 5 கிலோ தகரத்தை நினைத்துப் போட்ட பர்லினின் நிரந்தரப் பாரம் ஒரே நாளில் மூன்று, நான்கு மடங்காகிறது. போதாததற்கு, சாய்வாக நிற்கும் தகடுகள் காற்றையும் பிடிக்கின்றன. மின்தகடு பொருத்துமுன் பர்லினைப் பொறியாளர் பார்த்தாரா என்பது, மின்கட்டணம் எவ்வளவு குறையும் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. பர்லினில் குளிர்சாதனக் குழாய், தீயணைப்புக் குழாய், விளம்பரப் பலகை என்று தொங்கவிடுவதும் இதே கதைதான். அதிலும் கொக்கியைக் கீழ்ப்பட்டையின் உதட்டில் மாட்டினால், தகட்டைக் கசங்கவிடாமல் வைத்திருக்கும் அந்த உதடே நெளிந்துவிடும்.

மழையும் ஒரு சுமை. சரிவு குறைந்த கூரையில் நீர்த்தாரை அடைத்துக்கொண்டால் ஒரு செ.மீ. தேங்கும் நீர் சதுர மீட்டருக்கு 10 கிலோ. பாரத்தில் பர்லின் சற்றுத் தொய்யும், தொய்ந்த பள்ளத்தில் இன்னும் நீர் சேரும், இன்னும் தொய்யும். நம் ஊர் மழைக்கு இது அரைமணி நேர வேலை. வெயிலுக்குப் பின் சட்டென்று மழை பிடிக்கும்போது கிடங்குக் கூரை ‘டக், டக்’ என்று சத்தம் போடுவதைக் கேட்டிருப்பீர்கள். 60 டிகிரியில் காய்ந்த 30 மீட்டர் தகடு 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஒரு செ.மீ.க்கு மேல் சுருங்கும். அந்த இழுப்பில் தகடு பர்லின்மேல் வழுக்கி நகரும் சத்தம் அது. பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது துருவுக்கு. பர்லினில் பூசப்படும் துத்தநாகம் வழக்கமாக இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம். ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான் அளவு, நம் தலைமுடியைவிட மெல்லியது. கீறல் விழுந்தாலும் பக்கத்திலுள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. வேலைத்தளத்தில் பர்லினை வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் பூச்சு ஆவியாகிவிடும். 2 மி.மீ. தகட்டில் அரை மி.மீ. துரு தின்றால் கால்வாசி போயிற்று, 10 மி.மீ. இரும்பில் அதே துரு ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் இங்கே வெல்டிங்கைத் தவிர்த்து, முன்பே குத்திய துளையில் போல்ட் போடச் சொல்கிறார்கள்.

ஆணி வரிசை சொல்வது

கடைசியாக, கூரைமேல் ஏறுகிறவர்களுக்கு. சிங்கப்பூரில் வேலையிட மரணங்களுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று உயரத்திலிருந்து விழுவது. 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு முறையான அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தகரக் கூரை முழுக்க ஒரே மாதிரித் தெரியும். உண்மையில் அது ஒன்றரை மீட்டருக்கு ஒரு கோடும், கோடுகளுக்கு நடுவே அரை மி.மீ. தகடும்தான். கோடு எங்கே இருக்கிறது என்பதைத் திருகாணி வரிசை காட்டிக்கொடுக்கும். அதன் அடியில்தான் பர்லின். துருப்பிடித்த பழைய கூரையில் நடுத்தகட்டில் கால் வைப்பது காகிதத்தில் கால் வைப்பதற்குச் சமம்.

அதைவிட மோசமானது வெளிச்சத்துக்காக நடுநடுவே பதிக்கும் பிளாஸ்டிக் தகடு. புதிதாக இருக்கும்போது பளிச்சென்று தனியாகத் தெரியும். சில ஆண்டு வெயிலில் பலமிழந்து, மேலே தூசியும் பாசியும் படிந்து, பக்கத்துத் தகரத்தின் நிறத்துக்கே வந்துவிடும். அதிலும் அதே நெளிவு, அதே திருகாணி வரிசை. திருகாணி வரிசையைப் பார்த்து நடப்பதுகூடக் கால் இடறினால் உதவாது. பாதுகாப்புப் பட்டையும் அதை மாட்ட உறுதியான கம்பியும் நடக்க விரித்த பலகையும் இல்லாமல் ஏற வேண்டாம். ஏறுவதற்கு முன் உள்ளே போய், பகல் வெளிச்சத்தில் கீழிருந்து மேலே பாருங்கள். எது தகரம், எது பிளாஸ்டிக் என்பது அங்கிருந்து பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். பர்லின் வரிசைகளையும் அப்போதே எண்ணிக் குறித்துக்கொள்ளலாம்.